கார்னர் டெரஸ் வீட்டில் முக்கோணச் சுவரின் உச்சியை வெட்டிக் கூரை போடலாமா?

ஓரவீடு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்கள் வீடு சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் இருக்கும் பழைய கார்னர் டெரஸ் (வரிசை வீடுகளில் கடைசி வீடு), இரண்டு மாடி. ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இன்னொரு பக்கம் திறந்த சுவர், அது தரையிலிருந்து முகடு வரைக்கும் நேராக ஏறி மேலே முக்கோணமாக முடிகிறது. கூரை இரண்டு சாய்ப்பு, முகடு சாலைக்கு இணையாக ஓடுகிறது. உள்ளே மரச்சட்டங்களில் கரையான் ஏறிவிட்டது, ஓடும் பழசாகிவிட்டது, அதனால் கூரையை மொத்தமாகப் பிரித்துப் புதிதாகப் போடப் போகிறோம்.

தொல்லை அந்தத் திறந்த சுவர்தான். சுமத்ரா காற்று (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வரும் புயல்காற்று) அடிக்கும் விடியற்காலைகளில் மழை பக்கவாட்டில் வந்து சுவரின் உச்சியில்தான் அறைகிறது. ஓட்டின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே பூசிய சிமெண்ட் விரிந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, மாடிப் படுக்கையறை சீலிங்கில் பழுப்பாகக் கறை பிடித்திருக்கிறது. எத்தனை தடவை பூசினாலும் கொஞ்ச காலத்தில் அதே இடத்தில் மறுபடி விரிகிறது.

இதற்கு ஆர்க்கிடெக்ட் சொல்லும் வழி, முக்கோணத்தின் உச்சியை மட்டும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் சின்னதாக மூன்றாவது சாய்ப்பு ஒன்று வைப்பது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை கேட்ட இரண்டு கான்ட்ராக்டர்களுமே "அது சிக்கலான வேலை, நேராகவே போட்டுவிடலாம்" என்கிறார்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் இது உண்மையிலேயே உதவுமா? சட்டம் எப்படி அடிப்பார்கள், மரமா ஸ்டீலா? இப்போது உச்சியில் காற்றுக்காக ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது, உச்சியை வெட்டினால் அதுவும் போய்விடுமே, பரண் இன்னும் கொதிக்காதா? அனுமதி விஷயமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கைமரம் எழுதியது:

அக்கா, உங்கள் ஆர்க்கிடெக்ட் சொன்னது நல்ல யோசனை. என் அப்பா தச்சர், நான் கூரை ஸ்டீல் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் ஜெர்கின்ஹெட், ஹாஃப் ஹிப், கிளிப்டு கேபிள் என்று எந்தப் பெயரில் தேடினாலும் இதே கூரைதான் வரும். டென்மார்க், வட ஜெர்மனி, பிரான்சில் நார்மண்டி, இங்கெல்லாம் பழைய வைக்கோல் கூரை வீடுகளில் பார்க்கலாம். அமெரிக்காவில் 1920களில் கட்டிய பங்களா வீடுகளிலும் உண்டு. முக்கோணச் சுவரில் காற்று முட்டி மேலே ஏறும்போது உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு ஓரத்தைத்தான் அடியிலிருந்து தூக்கும். உச்சியைச் சாய்த்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். நம் ஊரில் சூறாவளி வழக்கமில்லை. 2001 டிசம்பரில் வாமெய் ஒன்றுதான் இவ்வளவு பக்கத்தில் ஜொகூரில் கரையேறியது. அதனால் கூரை பறந்துபோகும் என்று பயந்து இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2024 செப்டம்பர் 17 அன்று வந்த சுமத்ரா காற்றில் தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அந்த வேகத்தில் மழை படுக்கையாக வரும், உங்கள் சுவர் உச்சிக்கு அது போதும். உங்கள் வீட்டுக்கு ஆதாயம் மழைப் பக்கத்தில்தான். நனையும் சுவரின் உயரம் குறைகிறது, ஓட்டு ஓரமும் சுவரும் மோதுகிற மிக உயரமான, யாரும் ஏணி வைத்துப் போய்ப் பார்க்காத அந்த மூட்டே இல்லாமல் போகிறது.

இப்போது கணக்கு. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே 8 மீட்டர், சாய்வு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வீட்டு அளவை இதில் போட்டுக்கொள்ளுங்கள்). பாதி 4 மீட்டர், அதனால் முகடு சுவர்மட்டத்திலிருந்து 2.31 மீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சியிலிருந்து 0.6 மீட்டர் இறங்கி வெட்டுகிறோம், ஏறக்குறைய கால் பங்கு. அந்த மட்டத்தில் முக்கோணத்தின் அகலம் 2.08 மீட்டர். சின்னச் சாய்ப்புக்கும் அதே 30 டிகிரி கொடுத்தால் முகடு சுவரிலிருந்து 1.04 மீட்டர் உள்ளே தள்ளி நின்றுவிடும். முகட்டின் அந்த நுனியிலிருந்து இரண்டு மூலைக் கைமரங்கள் (கைமரம் என்பது ஓட்டைத் தாங்கிச் சாய்வாக இறங்கும் சட்டம்) வலமும் இடமுமாக இறங்கி, வெட்டின இடத்தின் இரண்டு மூலைகளில் உட்காரும். மேலிருந்து பார்த்தால் சரியாக 45 டிகிரி, ஒவ்வொன்றும் 1.59 மீட்டர் நீளம். அவ்வளவு சின்னக் கட்டைகள்தான்.

சின்னச் சாய்ப்பில் 52 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தால் நடுவில் 1.2 மீட்டரில் ஒரு கைமரம், அதன் இரண்டு பக்கமும் 0.6 மீட்டரில் குட்டைக் கைமரம் ஒவ்வொன்று. முடிந்தது. பெரிய சாய்ப்பில் முகடு வரை போகும் முழுக் கைமரம் 4.62 மீட்டர். முகட்டு நுனியைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் வரும்போது அடுத்தது 4.02, கடைசியாகச் சுவர்மேல் இருப்பது 3.42. இவை இரண்டும் முகட்டுக்குப் போகாமல் மூலைக் கைமரத்தில் போய்ச் சாயும். நாலு பக்கமும் சாய்ந்த கூரை அடித்திருக்கும் எந்தத் தச்சருக்கும் இது கைவந்த வேலை, அளவு மட்டும்தான் சின்னது.

மூலைக் கைமரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் மேல்விளிம்பு தட்டையாக இருந்தால் இரண்டு ஓரமும் ஓட்டு மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும், ரீப்பர் (ஓடு பதியும் மெல்லிய பட்டை) சரியாக உட்காராது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டைக்கு இந்தச் சாய்வில் 10 மில்லிமீட்டர் கீழே இறக்கி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்விளிம்பை இரண்டு பக்கமும் சீவிவிட வேண்டும். அப்பா சீவத்தான் செய்வார், நான் இறக்கிவிடுவேன். இரண்டும் சரிதான். இதைச் செய்யாமல் விட்ட வீடுகளில் மூலை ஓட்டுக்கு அடியில் சிமெண்டை அள்ளி அப்பியிருப்பார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

அப்புறம் சுவர். வெட்டின மட்டத்தில் செங்கல்மேல் நேராகச் சட்டத்தை வைக்கக் கூடாது. மூலைக் கைமரம் கீழே இறங்கும்போது வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் தள்ளும். அந்த 2.08 மீட்டருக்கும் கான்கிரீட்டில் ஒரு சின்ன உத்திரம் வார்த்து, அதைச் சுவரின் இரண்டு சரிவிலும் கீழே இறங்குகிற மாதிரி தொடர்ந்து வார்த்து, போல்ட் பதித்து, அதன்மேல் சட்டத்தை முடுக்க வேண்டும். கம்பி அளவெல்லாம் எஞ்சினியர் சொல்வார்.

மரமா ஸ்டீலா என்றால், கரையான் கண்ட வீட்டில் நான் ஸ்டீல்தான் சொல்வேன். துத்தநாகம் பூசிய ஸ்டீல் டிரஸ்ஸில் (முக்கோணச் சட்டகம்) உங்கள் வேலை இன்னும் எளிது. முகட்டு நுனி நிற்கும் இடத்தில் ஒரு முழு டிரஸ், சுவர்மேல் உச்சி வெட்டிய தட்டைத் தலை டிரஸ் ஒன்று, நடுவில் 1 மீட்டர்தான், மிச்சத்தை டிரஸ்களுக்குக் குறுக்கே ஓடும் பர்லின் பார்த்துக்கொள்ளும். சிக்கல் என்று சொன்ன கான்ட்ராக்டர்களிடம் எந்த மூட்டு சிக்கல் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

---

வெயில்மழை எழுதியது:

நான் இதற்கு உடன்படவில்லை, அண்ணே. மழைக்கு மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்கச் சூரியன் தலைக்கு மேலே. கூரைக்கு அடியில் சூடான காற்று போய்த் தங்குவது முகட்டுக்குக் கீழேதான், அது வெளியேறும் வாசல் முக்கோணத்தின் உச்சி. அதைப் போய் மூடுகிற கூரை குளிர்தேசத்துக் கூரை. அவர்களுக்குச் சூடு உள்ளேயே இருக்க வேண்டும், நமக்கு வெளியே போக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் காலங்காலமாகச் செய்தது நேர் எதிர். ஜொகூர், ரியாவ் பக்கத்து மலாய் வீடுகளைப் பாருங்கள். கீழே நாலு பக்கமும் சாய்ப்பு, மேலே உச்சியில் மட்டும் சின்ன முக்கோணம் ஒன்றை விட்டிருப்பார்கள். அந்த முக்கோணத்தில் மரப்பலகையில் துளையிட்டு வேலைப்பாடு செய்திருக்கும், தெபார் லாயார் என்பார்கள், காற்று அது வழியாகப் போய்விடும். லிட்டில் இந்தியாவிலேயே பழைய கடைவீடுகளின் முகட்டில் தூக்கிவைத்த குட்டிக் கூரையைப் பார்த்திருப்பீர்கள், ஜாக் ரூஃப் என்பது. அதுவும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான். இவர்கள் எல்லாரும் உச்சியைத் திறந்துவைத்தார்கள். ஓரவீடு அக்கா, நீங்கள் கேட்க வேண்டியது அந்த மலாய் வீட்டுக் கூரையைத்தான்: கீழ்ப்பாதி சாயட்டும், மேலே சின்ன முக்கோணம் லூவரோடு (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுவழி) இருக்கட்டும். மழையும் குறையும், சூடும் போகும்.

---

ஓரவீடு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. கைமரம் தம்பி கொடுத்த அளவுகளை வைத்துக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன், இப்போதுதான் ஆர்க்கிடெக்ட் படம் எனக்கே புரிகிறது.

வெயில்மழை சொல்வதும் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் மாடி அறையில் மதியம் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. அப்படியானால் எது? இன்னொன்று, சின்னச் சாய்ப்பில் விழும் மழை எங்கே போகும்? அதற்கு நேர் கீழே மாடி ஜன்னல், அதற்கும் கீழே கார் நிறுத்தும் இடத்துக் கூரை. அதற்குத் தண்ணீர் பீலி வைக்க வேண்டுமா?

---

கைமரம் எழுதியது:

வெயில்மழை சொன்ன மலாய் வீட்டுக் கூரை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதில் சின்ன முக்கோணத்தின் அடிப்பகுதி கீழ்ச் சாய்ப்பின் ஓட்டைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே நின்ற சுவரிலிருந்து சாய்ந்த ஓட்டுக்குத் தகடு மடித்து பிளாஷிங் போட வேண்டும். பழைய வீடுகளில் அத்தாப்பு ஓலை வேய்ந்து, தாராளமாக நீட்டிவிட்டு, ஒழுகினால் மறுபடி வேய்வார்கள். ஓட்டுக் கூரையில் அந்த மூட்டு மழை அடிக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு உச்சியில் உட்கார்ந்திருக்கும். அக்கா இப்போது படும் தொல்லை சுவரும் ஓட்டும் சந்திக்கும் மூட்டில். அதை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை, அதுவும் இன்னும் எட்டாத இடத்தில், வைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

காற்றுக்கு வேறு வழி இருக்கிறது. வெட்டின கூரையிலும் சுவரில் லூவர் வைக்கலாம், சின்னச் சாய்ப்பின் இறவாரத்துக்கு நேர் கீழே. இறவாரத்தை 0.4 மீட்டர் வெளியே நீட்டினால் அதன் விளிம்பு வெட்டின மட்டத்திலிருந்து 23 சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். அதாவது லூவரின் மேல்பாதியைக் கூரையே மறைத்துக்கொள்ளும். இப்போது உங்கள் வட்ட ஓட்டைக்கு அந்த மறைப்பு இல்லை, மழை நேராக உள்ளே போகிறது. சீலிங் கறையில் அதற்கும் பங்கு இருக்கலாம், பரணில் ஏறி ஓட்டைக்கு அடியில் சுவரில் நீர் வழிந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லூவருக்கு உள்பக்கம் துருப்பிடிக்காத ஸ்டீல் வலை கட்டாயம், மைனாவும் வௌவாலும் வருவது நிச்சயம்.

மேலே மிச்சம் 0.6 மீட்டரில் தங்கும் சூட்டுக்கு, முகட்டு ஓட்டைச் சிமெண்டில் பதிக்காமல் காற்று போகும் பட்டை வைத்து ஸ்க்ரூவில் முடுக்கும் முறை இருக்கிறது, டிரை ரிட்ஜ் என்பார்கள். முகட்டின் முழு நீளத்துக்கும் காற்று வெளியேறும். முன்னும் பின்னும் இறவாரத்துக்கு அடியில் சோஃபிட்டில் (அடிப்பலகை) காற்று நுழைய இடைவெளி விட்டால்தான் மேலே போகும், அதை மறக்கக் கூடாது. சிமெண்ட் இல்லாததால் விரிவதற்கும் ஒன்றும் இல்லை. மூலை ஓடுகளையும் இதே மாதிரி முடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் பற்றி. நீட்டின இறவாரத்தோடு சேர்த்துச் சின்னச் சாய்ப்பு மேலிருந்து பார்க்கும்போது சுமார் 2 சதுர மீட்டர்தான். மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையிலும் நிமிடத்துக்கு 5 லிட்டர். அதுவும் 2.88 மீட்டர் நீளத்துக்குப் பரவி விழும். பீலி தேவையில்லை. பீலி வைத்தால் யாராவது அவ்வளவு உயரம் ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும், இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு. கொசு ஒழிப்புக்குச் சுற்றுப்புற வாரியமான என்இஏ சொல்லும் ஐந்து வேலைகளில் ஒன்றே கூரைப் பீலியை அடைப்பில்லாமல் வைத்து பிடிஐ கொசுப்புழு மருந்து போடுவது. இல்லாத பீலிக்கு அந்த வேலையே இல்லை. ஜன்னலில் தெறிப்பது பிடிக்கவில்லை என்றால் ஜன்னலுக்கு மேல் ஒரு சின்ன மழைத்தடுப்பு வைத்துவிடுங்கள், அது எட்டும் உயரத்தில் இருக்கும்.

இதில் உண்மையிலேயே கஷ்டமான இடம் எது என்று கேட்டால், சின்னச் சாய்ப்பின் இறவாரமும் பெரிய சாய்ப்பின் பக்க ஓரமும் சந்திக்கும் இரண்டு முனைகள். இரண்டையும் ஒரே அளவு, 0.4 மீட்டர் என்றால் இரண்டுமே 0.4 மீட்டர் நீட்ட வேண்டும். அப்படிச் செய்தால் மூலைக் கைமரம் அதே 45 டிகிரியில் நீண்டு போய் (வாலோடு சேர்த்து 2.2 மீட்டர்) எல்லா விளிம்பும் ஒரே புள்ளியில் மூடிக்கொள்ளும். ஒன்று 0.4, இன்னொன்று 0.3 என்று வைத்தால் அந்த முனையில் ஒரு பொந்து விழும், அதை மூடப் பலகையை ஒட்டுப்போடுவார்கள், அங்கேதான் முதலில் அழுகும். படத்தில் இந்த முனையை மட்டும் பெரிதாக்கி வரையச் சொல்லி வாங்குங்கள்.

---

பிளான்_பார்வை எழுதியது:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன், நான் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் படங்களைச் சமர்ப்பிக்கும் வேலையில் இருக்கிறேன்.

இருக்கிற ஓட்டை எடுத்துவிட்டு அதே மாதிரி ஓடு போடுவது ஒரு வேலை, கூரைச் சட்டத்தையே மாற்றி உருவத்தை மாற்றுவது இன்னொரு வேலை. நீங்கள் செய்யப்போவது இரண்டாவது. சுவர்மேல் கான்கிரீட் உத்திரமும் டிரஸ்ஸும் வருவதால் பிஇ எனப்படும் பதிவுபெற்ற எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டு, கட்டடப் பாதுகாப்பைப் பார்க்கும் பிசிஏவிடம் போக வேண்டும். உருவம் மாறுவதால் நகரத் திட்டம் பார்க்கும் யூஆர்ஏவையும் ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொள்வார். யூஆர்ஏ 2015இலிருந்து தரைவீடுகளுக்கு வீட்டின் வெளிவடிவ எல்லையை வைத்துத்தான் பார்க்கிறது. இரண்டு மாடி வட்டாரத்தில் உச்ச உயரம் 12 மீட்டர், மூன்று மாடி வட்டாரத்தில் 15.5. முகட்டை வெட்டுவதால் உயரம் கூடப் போவதில்லை, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் "கூரையைத்தான் பிரிக்கிறோமே, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பரணை அறையாக்கிவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நிதானமாக யோசியுங்கள். உயரம் கூடியதும் இது மாற்றம் சேர்ப்பு வேலை என்ற வகையிலிருந்து மறுகட்டுமானம் என்ற வகைக்குப் போய்விடும், விதிகளும் செலவும் வேறு.

இன்னும் முக்கியமாக, வீடு 1991க்கு முன் கட்டியதாக இருந்தால் பிரிப்பதற்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அந்தக் காலத்து சீலிங் பலகை, இறவாரத்து அடிப்பலகை, பின்பக்கம் ஒட்டுப்போட்ட நெளிவுத் தகடு எதிலும் இருக்கலாம். இருந்தால் அதை எடுப்பதற்குத் தனி உரிமம் பெற்றவர்கள் வர வேண்டும், ஓடு பிரிக்க வந்த ஆட்கள் சுத்தியலால் உடைக்கக் கூடாது. அவர்கள் மூச்சில் போகும் தூசு அது. விலை கேட்கும்போதே இதைக் கேளுங்கள். விழுந்து அடிபடும் அபாயமுள்ள இடத்தில் 3 மீட்டருக்கு மேல் ஏறி வேலை செய்ய பெர்மிட் முறை இருக்கிறது, முறையான சாரம் கட்டும் செலவு விலையில் தெரிய வேண்டும். அது இல்லாமல் ஒருவர் குறைந்த விலை சொன்னால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பொதுச்சுவர்ப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு ஓடும் உங்கள் ஓடும் ஒரே வரிசையில் இருந்தால், பிரிக்கும்போது அவர்கள் பக்கத்து மூடியை யார் சரிசெய்து தருவது என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் போய் அவர்களிடம் பேசிவிடுவது நல்லது.

---

மாடித்தோட்டம் எழுதியது:

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரிசை வீடுகளில் ஓர வீட்டுக் கூரைதான் அந்த முழு வரிசைக்கும் முடிவு. முகடு நேராக வந்து பொசுக்கென்று நிற்பதைவிட மெல்லச் சரிந்து முடிவது தெருவிலிருந்து பார்க்க மிக இதமாக இருக்கும். ஆனால் வெட்டும் அளவு முக்கியம். ரொம்பக் குறைவாக வெட்டினால் மூக்கறுத்த முகம் மாதிரி இருக்கும், பாதிக்கு மேல் வெட்டினால் சாதாரண நாலு சாய்ப்புக் கூரையாகிவிடும். கைமரம் சொன்ன கால் பங்கு எனக்கும் சரியாகப் படுகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 0.6 மீட்டர் வெட்டினால் பெரிய சாய்ப்பு ஒவ்வொன்றிலும் அரை சதுர மீட்டர் சொச்சம்தான் போகும். 1 மீட்டர் வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் 1.7 சதுர மீட்டர் போய்விடும், ஏறக்குறைய ஒரு பேனல் இடம். சரிந்த மூலையில் செவ்வகப் பேனல் உட்காராது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இழப்பீர்கள்.

---

வெயில்மழை எழுதியது:

கைமரம் அண்ணே சொன்ன மூட்டுக் கணக்கு சரி, ஒழுகும் வீட்டில் அந்த பிளாஷிங்கை நானும் விரும்ப மாட்டேன். லூவரும், டிரை ரிட்ஜும், சோஃபிட்டில் காற்று நுழைய வழியும் மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கா, செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மூன்றும்தான், ஏனென்றால் கீழே நின்று பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். ஓட்டுக்கு அடியில் போடும் அலுமினிய ஃபாயிலையும் சீலிங்மேல் நேராக விரிக்கக் கூடாது. ரீப்பருக்குக் கீழே, அடியில் காற்று இடைவெளி இருக்கிற மாதிரி போட வேண்டும். பளபளக்கும் பக்கம் அந்த இடைவெளியைப் பார்த்து இருந்தால்தான் சூட்டைத் தடுக்கும்.

---

ஓரவீடு எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தோம். வட்ட ஓட்டைக்குக் கீழே சுவரில் நாக்கு மாதிரி கறுப்பாக ஒரு தடம் நிஜமாகவே இருக்கிறது, தம்பி சொன்னது அப்படியே. சிமெண்ட் விரிசலிலும் ஈரம் இருக்கிறது, ஆகவே இரண்டு வழியாகவும் வந்திருக்கிறது. ஆர்க்கிடெக்டிடம் 0.6 மீட்டர் வெட்டும் ஸ்டீல் டிரஸ்ஸும் என்று சொல்லிவிட்டோம், லூவரைச் சேர்த்து, அந்த இரண்டு முனைகளையும் தனியாக வரைந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனைக்கும் ஆள் பார்க்கிறோம், பின்பக்க சீலிங் பலகை எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சின்னச் சாய்ப்பை இன்னும் செங்குத்தாக, 45 டிகிரியில் வைத்தால் முகடு அவ்வளவு உள்ளே போகாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். செய்யலாமா? எந்த மாதத்தில் பிரிக்கலாம்?

---

கைமரம் எழுதியது:

செய்யலாம், ஐரோப்பாவில் நிறைய பழைய வீடுகளில் அப்படித்தான் செங்குத்தாக இருக்கும். முகடு 1.04க்குப் பதில் 0.6 மீட்டர்தான் உள்ளே போகும். ஆனால் இரண்டு சாய்வும் வேறு வேறானதும் மூலைக் கைமரம் 45 டிகிரியில் ஓடாது. ஓட்டு வரிசைகள் மூலையில் ஒன்றுக்கொன்று நேராக வராது, ஒவ்வொரு மூலை ஓட்டையும் தனித்தனியாக அளந்து அறுக்க வேண்டும். இறவாரமும் பக்க ஓரமும் ஒரே அளவு நீண்டால் அந்த முனை மட்டும் அப்போதும் ஒரே புள்ளியில் மூடும். 45 டிகிரிச் சாய்ப்பு 0.4 மீட்டர் வெளியே வரும்போது 40 சென்டிமீட்டர் இறங்கிவிடும், லூவருக்கு மறைப்பு கூடும், ஆனால் பாதி காற்றையும் அதுவே அடைக்கும். தேர்ந்த ஆள் கிடைத்தால் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒழுகாத கூரை என்றால் 30க்கு 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

பிரிப்பதற்கு பிப்ரவரி நல்லது, வழக்கமாக மழை குறைந்த மாதம் அதுதான். வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரியில் யாராவது தேதி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிப்ரவரியிலும் ஒரே நாளில் முழுக் கூரையையும் திறக்க விடாதீர்கள், சாரத்தின் மேலேயே தற்காலிகக் கூரை போட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். ஓடு வாங்கும்போது மூலை ஓடும் முகட்டு ஓடும் அதே சூளைத் தொகுதியிலிருந்து கொஞ்சம் கூடுதலாக வாங்கிப் பரணில் அடுக்கி வையுங்கள், பிறகு உடைந்தால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம். முனைப் படம் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.